ஜெராக்ஸ் அக்காவின் மூன்றாவது தாள்

தேர்வு முடிந்து நாற்பது நிமிடம் கழித்துத்தான் அவள் அந்த பிளாஸ்டிக் உறையைத் திறந்தாள். ஹால் டிக்கெட்டை எடுத்து மேசை இழுப்பறையில் பத்திரப்படுத்த வேண்டும், அவ்வளவுதான் எண்ணம். டிக்கெட்டை இழுத்தபோது அதன் முதுகோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு தாளும் வந்தது. வலது மூலையில் அச்சடித்த வரிசை எண். அதற்குக் கீழே தேர்வறைக் கண்காணிப்பாளரின் கையெழுத்து. மற்றபடி தாள் முழுக்க அவளுடைய எழுத்து.

ஐந்து நொடிக்கு அவளுக்கு எதுவும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. விடைத்தாளோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்திருக்க வேண்டிய மூன்றாவது கூடுதல் தாள், தேர்வறையை விட்டு வெளியேறி, சாலையைக் கடந்து, ஜெராக்ஸ் கடை மேசைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கொண்டு வந்தது அவள்தான்.

காது அடைத்துக்கொண்டது. எதிரே இயந்திரம் ஓடுவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை.

பல்கலைக்கழக வாசலுக்கு நேர் எதிரே இருக்கும் அந்தக் கடையில் அவளுக்கு ஜெராக்ஸ் அக்கா என்று பெயர். வயது இருபத்தாறு. தேர்வு மாதத்தில் கடை முன்னால் முண்டியடிக்கும் கூட்டத்தை ஒற்றை ஆளாகச் சமாளிப்பவள். யார் முதலில் வந்தது, யார் ஓரமாகப் புகுந்தது, யாருக்கு இரண்டு பக்கம், யாருக்கு ஒரு பக்கம் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். அவளும் அதே பல்கலைக்கழகத்தின் மாணவிதான் என்பது அந்தக் கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது.

மூன்று வருடப் படிப்பு, முப்பத்தாறு பாடம். முப்பத்தைந்தில் தேறிவிட்டாள். மிச்சம் இருந்தது புள்ளியியல் ஒன்றுதான். அந்த ஒரே அரியர் அவளை ஆறு முறை தூக்கி அடித்திருந்தது.

முதல் தடவை தோற்றது பாடம் தெரியாமல் அல்ல. கேள்வித்தாளைப் புரட்டியதும் எண்கள் அசைய ஆரம்பித்தன. மூன்று எட்டானது, எட்டு மறுபடி மூன்றானது. விரல்கள் சில்லிட்டுப் பேனா நழுவியது. மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, பதிவெண்ணை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். இரண்டாம் தடவை, அந்தப் பயம் வந்துவிடுமோ என்று ஒரு பயம். அதுவும் சொல்லி வைத்ததுபோல் வந்தது. நான்காவது தடவை தோற்ற பிறகு வேறு பெண்ணாக இருந்தால் புத்தகத்தைப் பரண் மேல் ஏற்றியிருப்பாள். அவள் நேராக வந்து ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். கெட்டிக்கார மாணவர்களின் குறிப்புகளெல்லாம் அந்தக் கண்ணாடியில்தானே குப்புறப் படுக்கின்றன! ஒவ்வொரு பக்கத்தையும் வைக்குமுன் ஒரு பார்வை, எடுக்கும்போது ஒரு பார்வை. புரியாத இடத்தில் நோட்டுக்காரரையே பிடித்துக்கொள்வாள்.

"தம்பி, இந்த வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவுல எதையோ முழுங்கிட்டீங்களே?"

"அக்கா, நீங்க பிரதி எடுக்கறீங்களா, பரிசோதனை பண்றீங்களா?"

"ரெண்டும்தான். சொல்லிட்டுப் போங்க, கடைசி பக்கத்தைத் தெளிவா எடுத்துத் தரேன்."

இப்படி மூன்று வருடம். பயம் போகவில்லை. ஆனால் பயத்தோடு எழுத ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். விடையை நினைக்காமல் முதலில் கட்டம் போடுவது. ஸ்கேல் வைத்து, நிதானமாக. கோடு போடும் கைக்குப் பதற நேரமில்லை.

இது ஏழாவது முறை. கடைசி முறையும்கூட. சேர்ந்த நாளிலிருந்து எட்டு ஆண்டுக்குள் எல்லாப் பாடத்திலும் தேறாவிட்டால் பட்டம் கிடையாது, தேறிய முப்பத்தைந்தும் தண்ணீரில் போட்டதுதான் என்பது பல்கலைக்கழக விதி. மருத்துவமனையில் லிஃப்ட் இயக்கும் அவளுடைய அப்பா அன்று காலை வாசலில் நின்று சொல்லி அனுப்பினார்: "ஏழாவது மாடிக்கு வந்துட்டம்மா. இதுக்கு மேல பட்டனே இல்ல. இறங்கிட வேண்டியதுதான்." சிரிக்க வைக்கத்தான் சொன்னார். அவள் சிரித்தாள். தெருமுனை வரைக்கும்தான் அந்தச் சிரிப்பு தாங்கியது.

அன்றைக்கு எழுதியதென்னவோ நன்றாகத்தான் எழுதினாள். கடைசிக் கேள்வி ஒட்டுறவுக் கணக்கு. பத்து வருட மழை அளவும் பத்து வருட விளைச்சலும் கொடுத்து, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் எவ்வளவு சம்பந்தம் என்று கேட்டிருந்தார்கள். பதினைந்து மதிப்பெண். அதற்கென்றே மூன்றாவது கூடுதல் தாள் வாங்கி, முழுசாகப் போட்டு முடித்தாள். மணி அடித்தது. தாள்களைச் சேர்த்து மேசையில் தட்டி ஓரம் நேராக்கினாள், நூல் கோத்தாள், முடிச்சுப் போட்டாள், முகப்பில் கூடுதல் தாள்கள் மூன்று என்று எழுதினாள். இரண்டுதான் நூலில் இருந்தன. மூன்றாவது, மை காயட்டும் என்று ஓரமாக வைத்திருந்த தாள், ஹால் டிக்கெட்டின் அடியில் கிடந்தது.

கடையில் ஒரு நாளைக்கு முன்னூறு தடவை அவள் செய்கிற வேலை ஒன்று உண்டு. கட்டு முடிந்ததும், கடைசியாகக் கண்ணாடியில் மிஞ்சுகிற அசல் தாளை எடுத்து அதன் உறைக்குள் தள்ளிவிடுவது. அசலை விட்டுவிட்டு ஓடுபவர்கள்தான் அதிகம் என்பதால் முதலாளி முதல் நாளே பழக்கிய பழக்கம். மூளை எங்கிருந்தாலும் கை அதைச் செய்துவிடும். தேர்வறையிலும் செய்துவிட்டது.

முதலாளி தாளை எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிற?"

அவள் சொன்னாள். அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"கிழிச்சு அந்தக் கூடையில போடு. யாரு கண்டா?"

"வரிசை எண் இருக்கு. யாருக்கு எந்தத் தாள் கொடுத்தாங்கன்னு எழுதி வச்சிருப்பாங்க. ஒன்னு குறையும்."

"குறைஞ்சா அவங்க பாடு. நீயே போய்த் தலையைக் கொடுப்பியா? விடைத்தாளை வெளியே கொண்டு வந்தா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். ஒவ்வொரு தேர்வறையின் கதவிலும் ஒட்டியிருக்கும் அறிவிப்பு. அதை அச்சுப்பிரதி எடுத்துக் கொடுப்பதே இந்தக் கடைதான். நான்காவது வரி: எழுதிய தாளை வெளியே கொண்டு செல்வோர் இரண்டு ஆண்டுகள் தேர்வெழுத முடியாது.

மனக்கணக்குப் போட்டாள். இந்தத் தாள் இல்லாமல் முப்பத்தைந்து தேறும். தலைகீழாக நின்றாலும் முப்பத்தேழு. தேர்ச்சிக்கு நாற்பது. இந்தத் தாள் இருந்தால் ஐம்பதைத் தொடலாம். இரண்டரைக்கு விடைத்தாள் கட்டுகளை மூடி முத்திரை வைத்துவிடுவார்கள். மணி ஒன்று ஐம்பது.

சாலையைக் கடந்தபோது இரண்டு பக்கமும் பார்த்தாளா என்பது அவளுக்கே தெரியாது.

தேர்வு அறை காலியாக இருந்தது. காலையில் கண்காணிப்பாளராக இருந்த இளம் விரிவுரையாளர் மட்டும் தரையில் முழங்கால் போட்டு, ஒவ்வொரு பெஞ்சுக்கு அடியிலும் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலைக்கு வந்து ஆறே மாதம். சட்டை முதுகு தொப்பலாக நனைந்திருந்தது.

"சார்."

தலையை நிமிர்த்தியதில் பெஞ்சில் இடித்துக்கொண்டார். அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"அம்மா தாயே! வந்துட்டீங்களா! நாற்பத்தொரு தாள் கொடுத்திருக்கேன், நாற்பதுதான் இருக்கு. மூணு தடவை எண்ணிட்டேன். எனக்கு உயிரே போயிடுச்சு."

அவருக்குப் போன உயிர் வந்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"கொடுத்துட்டுப் போயிடுங்க. முகப்புல மூணை ரெண்டா திருத்திக் கையெழுத்துப் போடுங்க. இதை வீணான தாள்னு நான் எழுதிக்கறேன். உங்களுக்கும் வம்பு இல்ல, எனக்கும் இல்ல."

"இதைச் சேர்த்துக் கட்ட முடியாதா, சார்?"

"வெளியே போன தாளை எப்படிங்க கட்டுறது? எனக்கு விலங்கு மாட்டிடுவாங்க."

"இது இல்லாம எனக்கு முப்பத்தஞ்சுதான் வரும்."

"அடுத்த தடவை எழுதுங்க."

"அடுத்த தடவை கிடையாது, சார். எட்டு வருஷம் முடிஞ்சுடுச்சு."

அவள் தாளை நீட்டவில்லை. ஒரு பக்கம் சத்தமே இல்லாத தோல்வி, கையெழுத்துப் போட்டால் போதும், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். இன்னொரு பக்கம் விசாரணை, முறைகேடு என்ற சொல், அப்பாவின் காதுக்கு எட்டப்போகும் செய்தி. அந்தப் பக்கத்தில்தான் ஓர் ஊசிமுனை அளவுக்கு வாய்ப்பு இருந்தது. பயமும் அங்கேதான் மொத்தமாகக் கொட்டிக் கிடந்தது.

"நடந்ததை எழுதிக் கொடுத்துடறேன்" என்றாள்.

"யோசிச்சுக்கங்க. எழுதிட்டா திரும்ப வாங்க முடியாது. எனக்கும் மெமோ வரும்."

"உங்களை எதுலயும் மாட்டிவிட மாட்டேன், சார். தப்பு என்னோடதுன்னே எழுதறேன்."

"எண்ணாம வாங்கினது நான்தானே" என்றார் அவர், சலிப்போடு. பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கொடுத்தார். "தேதி போட்டு ஆரம்பிங்க."

அதற்கு அடுத்த மூன்று வாரம் அவள் உயிரோடிருந்தாள் என்று மட்டும் சொல்லலாம். கடைக்கு வந்தாள், தாள் அடுக்கினாள். சோறு இறங்கவில்லை. தபால்காரர் தெருவில் திரும்பினாலே கழுத்தில் வியர்த்தது. அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது தனிச் சுமையாக இருந்தது. அவர் தினமும் மாலை ஒரே கேள்வியைக் கேட்டார்: "ரிசல்ட் எப்பம்மா?" அவளும் ஒரே பதிலைச் சொன்னாள்: "வரும்பா."

வந்தது கடிதம். புதன்கிழமை பதினொரு மணிக்கு விசாரணைக் குழு முன் ஆஜராகவும். அன்று இரவுச் சாப்பாட்டில் அதை அப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டாள். அவர் படித்து முடிக்க நெடுநேரம் ஆனது.

"நீ செஞ்சியா?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியாம நடந்துச்சுப்பா."

"அப்ப அதைப் போய்ச் சொல்லு. நான் அரை நாள் லீவு போடறேன்."

"நீங்க வர வேண்டாம்பா. உங்களைப் பார்த்தா எனக்கு அழுகை வந்துடும்."

"வெளியேதான் நிப்பேன். உள்ள வர்றதுக்கு அது என்ன லிஃப்டா?"

விசாரணை அறையில் நீள மேசை. அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் தலைவர், ஓய்வுபெறும் வயதுள்ள பேராசிரியர். இடப்பக்கம் புள்ளியியல் துறைப் பேராசிரியை. வலப்பக்கம் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளும் அலுவலர். மேசை மேல் அவளுடைய மூன்றாவது தாள், தனி உறையில் முத்திரையோடு.

"எங்க வேலை பார்க்கறீங்க?" என்று தலைவர் ஆரம்பித்தார்.

"வாசலுக்கு எதிர்க்கடையில, சார். ஜெராக்ஸ்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தாளை அங்க கொண்டு போய், வர்றவங்க நோட்டைப் பார்த்து எழுதிட்டுத் திரும்பக் கொண்டு வந்திருக்கலாம் இல்லையா? நாற்பது நிமிஷம் இருந்திருக்கு."

"இல்ல, சார். பழக்கத்துல உறைக்குள்ள போட்டுட்டேன். கடைசித் தாளை உறையில போடறது எங்க வேலையில..." சொல்லச் சொல்ல, அது எவ்வளவு மட்டமான சாக்காகக் கேட்கிறது என்று அவளுக்கே தெரிந்தது.

அலுவலர் பேனாவை நிறுத்தினார். "இன்னொன்னு கேக்கறேன். உங்க கடையில பிட்டு அடிச்சுத் தருவீங்களா? நோட்டை விரல் அளவுக்குச் சின்னதாக்கி?"

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். நாக்கு அதற்குத் தயாராகவும் இருந்தது. ஆனால் போன வருடம் பிடிபட்ட பிட்டுகள் எல்லாம் இவர்கள் கையில்தான் இருக்கும். எந்த இயந்திரத்தின் கறுப்புக் கோடு அவற்றின் ஓரத்தில் விழுந்திருக்கிறது என்பது தெரியாத ஆட்களா இவர்கள்? பொய் சொல்லி மாட்டினால் தாளைப் பற்றிச் சொன்ன உண்மையும் சேர்ந்து பொய்யாகிவிடும்.

"தருவோம், சார்."

"நீங்களே அடிச்சிருக்கீங்களா?"

"அடிச்சிருக்கேன்."

அலுவலர் எழுதினார். எழுத்து நீண்டுகொண்டே போனது. தன் கதை அத்தோடு முடிந்தது என்று அவள் நினைத்தாள்.

அதுவரை வாயே திறக்காத பேராசிரியை உறையிலிருந்த தாளை எடுத்துப் பார்த்தார். பிறகு ஒரு துண்டுக் காகிதத்தில் இரண்டு வரிசை எண்களை எழுதி, கரும்பலகைப் பக்கம் கை காட்டினார்.

"இது வேற எண்கள். அதே மாதிரிக் கணக்கு. போடுங்க பார்க்கலாம்."

அவள் எழுந்தாள். சுண்ணக்கட்டி விரலில் நிற்கவில்லை. எண்கள் அசைய ஆரம்பித்தன. மூன்று எட்டாகியது. எட்டு வருடப் பயமும் ஒன்றாகச் சேர்ந்து முதுகுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. பலகையில் ஒரு புள்ளி வைத்தாள், அவ்வளவுதான் முடிந்தது.

"நேரம் ஆகுது" என்றார் தலைவர்.

"மேடம், ஒரு ஸ்கேல் கிடைக்குமா?"

"எதுக்கு?"

"கட்டம் போடணும். கட்டம் போட்டாத்தான் எனக்குக் கை நிக்கும்."

பேராசிரியைக்குச் சிரிப்பு வந்ததா, எரிச்சல் வந்ததா தெரியவில்லை. மேசையிலிருந்த நீளக் கோப்பு அட்டையை எடுத்து நீட்டினார். அதன் விளிம்பை வைத்துக் கோடு போட்டாள். ஐந்து பத்தி, பதினோரு வரி. கோடு முடிவதற்குள் மூன்று மூன்றாகவும் எட்டு எட்டாகவும் நின்றன. நடுவில் ஒரு கூட்டலைத் தப்பாகப் போட்டாள். தானே கண்டுபிடித்து, "இங்க தப்பு" என்று முணுமுணுத்து, புறங்கையால் அழித்துத் திருத்தினாள். விடை வந்தபோது அலுவலர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேராசிரியை பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெளியே இருங்க."

வெளியே அப்பா சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தார். அவளுடைய கையிலிருந்த சுண்ணத்தூளைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டார். முக்கால் மணி நேரம் கழித்து அலுவலர் வெளியே வந்து, நின்றபடியே முடிவைப் படித்தார். வேண்டுமென்றே செய்ததற்கு ஆதாரம் இல்லை, தண்டனை இல்லை. ஆனால் வெளியே போன தாள் போனதுதான். அந்தத் தேர்வு முழுவதுமாக ரத்து. விசாரணையில் கழிந்த காலம் எட்டாண்டுக் கணக்கில் சேராது என்பதால், அடுத்த மாதத் துணைத்தேர்வில் ஒரே ஒரு முறை எழுதலாம். கடைக்குத் தனியாக எச்சரிக்கைக் கடிதம் போகும்.

அவளுக்கு நிம்மதி ஒரு மூச்சு விடும் நேரம்தான் இருந்தது. மறுபடியும் எழுத வேண்டும். போட்டு முடித்த கணக்கு, கிடைத்திருக்க வேண்டிய ஐம்பது, எல்லாம் போய், மறுபடியும் அதே பெஞ்சு, அதே மணி.

"எட்டாவது மாடியும் இருக்கு போல" என்றார் அப்பா.

"அப்பா, சும்மா இருங்க."

கடைக்கு வந்த எச்சரிக்கைக் கடிதத்தைப் பார்த்து முதலாளி ஆடித் தீர்த்தார். "உண்மை விளம்பி! உன்னை யாரும்மா அங்க போய்ப் பிட்டுக் கதையெல்லாம் அவிழ்க்கச் சொன்னது?" இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், நோட்டைச் சின்னதாக்கித் தருவதில்லை என்று அவரே கொட்டை எழுத்தில் பலகை எழுதி மாட்டினார். அந்த வேலையை இனி செய்யமாட்டேன் என்று அவள் முந்தின நாளே சொல்லியிருந்தாள், அது வேறு விஷயம்.

துணைத்தேர்வு அன்று பயம் முதல் ஆளாக வந்து பெஞ்சில் காத்திருந்தது. இருபது நிமிடம் அவள் ஒரு எழுத்தும் எழுதவில்லை. கண்காணிக்க வந்திருந்த ஆசிரியை இரண்டு தடவை பக்கத்தில் வந்து, உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டார். இருபத்தோராவது நிமிடம் ஸ்கேலை எடுத்தாள். கூடுதல் தாள் வாங்கியதும், ஒரு வரி எழுதுவதற்கு முன்பே நூலில் கோத்து முடிச்சுப் போட்டாள். கோத்த தாளில் எழுதுவது ஏணி மேல் நின்று எழுதுவதுபோல் இருந்தாலும் அப்படியே எழுதினாள். மணி அடித்ததும், "எண்ணிப் பார்த்து வாங்குங்கம்மா" என்றாள். எண்ணினார். "இன்னொரு தடவை எண்ணிடுங்க" என்றாள். அந்த அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மறுபடியும் எண்ணினார்.

முடிவு வெளியான பகலில் கடை முன்னால் நல்ல கூட்டம். மூக்குக் கண்ணாடி போட்ட மாணவி ஒருத்தி கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூவினாள்: "ரிசல்ட் வந்துடுச்சு! அக்கா, உங்க நம்பர் சொல்லுங்க!"

"முதல்ல உன் நோட்டை முடிக்கிறேன்."

"நோட்டு எங்க ஓடிப்போகுது? நம்பர் சொல்லுங்கக்கா."

"வேண்டாம்மா. சாயங்காலம் பார்த்துக்கறேன்."

"அக்கா பயப்படறாங்கடி" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"ஆமா, பயப்படறேன்" என்றாள் அவள். நாற்பது பக்கத்தையும் ஒவ்வொன்றாக எடுத்து, அடுக்கி, ஸ்டேப்ளர் ஊசி அடித்துக் கொடுத்தாள். அதற்கு மேல் தள்ளிப்போட வேலை ஒன்றும் மிச்சமில்லை. பதிவெண்ணைச் சொன்னாள்.

மாணவி திரையைப் பார்த்தாள். "பாஸ்க்கா! நாற்பத்தேழு!"

"நம்பரைச் சரியா போட்டியா?"

"போட்டேன்க்கா."

"ஒவ்வொன்னா படி."

மாணவி ஒவ்வோர் எண்ணாகப் படித்தாள். கடைசி எண்ணுக்கு வந்ததும், "அது மூணா, எட்டா? நல்லாப் பாரு" என்றாள் அக்கா.

"மூணுதான்க்கா. சத்தியமா மூணு."

அவள் பக்கத்திலிருந்த தாள்கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். வரிசையில் அடுத்து நின்றவர் நோட்டை நீட்டினார். "அக்கா, எனக்கு ரெண்டு பக்கமும்."

"கொஞ்சம் இருப்பா" என்றாள். "கை நடுங்குது."